நிலப்படத்தைச் சுவரினின்று இறக்குக!

ஒரு மக்களினம் தன் நிலத்தைப் பகைவர்க்கு மட்டுமே இழப்பதில்லை. தன் அறியாமைக்கும் இழக்கும். ஏரி எங்கே இருந்தது, வாய்க்கால் எவ்வழி ஓடியது, ஊரெல்லை எந்தக் கல்லில் முடிந்தது என்று எவரும் அறியாத ஊரில், ஏரியை மனையாக்கி விற்பவனுக்கு வேலை எளிது. விற்பவனும் தமிழன், வாங்குபவனும் தமிழன், வெள்ளம் புகுந்தபின் அழுபவனும் தமிழன். இவ்வறியாமையின் வேர் எங்குளது எனத் தேடிச் சென்றால், அது நம் வகுப்பறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டிருக்கக் காண்கின்றோம். நிலப்படத்தைத்தான் சொல்கின்றோம்.

தமிழாசிரியனுக்கு நிலநூலில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். அதற்குத் தொல்காப்பியமே விடை தரும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். உணவும் மாவும் மரமும் புள்ளும் பறையும் பிறவும் அந்நிலத்தில் கருக்கொள்வன, ஆகலின் கருப்பொருள். மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். காதலைப் பாடப் புகுந்தவனையும், முதலில் நீ நிற்கும் நிலம் யாது, பொழுது யாது என்று கேட்டு நிறுத்திய இலக்கணம் நம்முடையது. அவ்விலக்கணத்தைக் கற்பிக்கும் ஆசிரியன், தன் மாணவன் நிலமறியாது நிற்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் தகுமோ?

திணையையே எடுத்துக்கொள்வோம். குறிஞ்சிக்குச் சேயோன், முல்லைக்கு மாயோன், மருதத்திற்கு வேந்தன் எனக் கட்டம் போட்ட பட்டியலாக நம் மாணவர் நெட்டுருச் செய்வர். தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுவர். "உன் ஊர் எத்திணை?" என்று கேட்டாலோ விழிப்பர். ஆற்றுப் பாய்ச்சலுள்ள மருத நிலத்து மாணவனும், ஆடு மேயும் முல்லைக்காட்டு மாணவனும், கட்டுமரம் ஏறும் குடியிற் பிறந்த நெய்தல் மாணவனும் ஒரே பட்டியலை ஒரே வகையாய் எழுதுவர். தம் காலடியில் இருப்பது அப்பட்டியலில் எது என்பதை மட்டும் அறியார். இலக்கண வகுப்பில் நேர்ந்த இதே கேடுதான் நிலநூல் வகுப்பிலும் நேர்ந்துள்ளது.

சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு மேலே உள்ளது. தெற்கு கீழே உள்ளது. பிள்ளையின் கண்ணுக்கு மேல் என்பது கூரை. கீழ் என்பது தரை. "வடக்கைக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். கூரையை நோக்கிக் கையுயர்த்தும் மாணவர் எவ்வகுப்பிலும் உளர். ஆறென்றால் வடக்கினின்று தெற்கே இறங்குவது என்று எண்ணுவோரும் உளர். காவிரியோ குடகில் தோன்றிக் கிழக்கே கடலை நாடி ஓடுகின்றது. வைகையும் தென்பெண்ணையும் தண்பொருநையும் அங்ஙனமே கிழக்கை நாடுகின்றன.

இஃது உண்மையில் தமிழ்ப்பிள்ளைக்கு வரவே கூடாத குழப்பம். என்னை? தமிழில் மேல் என்பது வடக்கன்று, மேற்கு. கீழ் என்பது தெற்கன்று, கிழக்கு. மேற்கே மலைத்தொடர் உயர்ந்து கிழக்கே கடல் தாழ்ந்து கிடக்கும் நிலத்தைக் கண்ணாற் கண்டு வைத்த பெயர்கள் அவை. மலைத்தொடருக்கு அப்பால், மலையாள நிலத்தில், கிழக்கே மேடும் மேற்கே பள்ளமுமாக இருந்தும், ஞாயிறெழும் திசையை அங்கும் கிழக்கு என்றே வழங்குகின்றனர். கிழக்கே தாழ்ந்த தமிழ் நிலத்தினின்று அச்சொல் அங்குச் சென்றது என்பதற்கு இதனையே சான்றாகக் கால்டுவெல் காட்டினார். நம் ஊர்களின் மேலத்தெரு, கீழத்தெரு, மேலக்காடு, கீழக்காடு யாவும் இச்சாய்வைச் சொல்வனவே. ஒரு நாட்டின் நிலச்சாய்வு அதன் திசைப் பெயரிலேயே எழுதப்பட்டிருக்க, அதனைச் சொல்லாது, கோலால் சுவரைத் தட்டி "மேலே வடக்கு" என்று கற்பிக்கின்றோம்.

ஆகலின், முதற்கண் படத்தைச் சுவரினின்று இறக்குக. தரையில் விரித்து, படத்தின் வடக்கு நிலத்தின் வடக்கை நோக்குமாறு திருப்பி வைக்க. மாணவரைச் சுற்றி அமர்த்துக. படத்தில் மேற்கு மலைத்தொடர் கிடக்கும் பக்கத்திலேயே மெய்யான மலைத்தொடரும் இருத்தலை அவர்கள் காண்பர். படம் நிலத்தின் நிழல் என்பது அன்றே விளங்கிவிடும்.

நிலத்தின் வடக்கை அறிவதெங்ஙனம்? காந்தவூசி இல்லாத பள்ளியிலும் ஒரு கோல் உண்டு. முற்றத்தில் கோலை நேர்நிறுத்தி, அதன் அடியை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரைக. முற்பகலில் கோலின் நிழல்நுனி வட்டத்தைத் தொடுமிடத்தில் ஒரு கல் வைக்க. பிற்பகலில் மீண்டும் தொடுமிடத்தில் இன்னொரு கல் வைக்க. இரு கற்களையும் இணைக்கும் கயிறு கிழக்கு மேற்காகக் கிடக்கும். அதற்கு நேர்குறுக்காகக் கோலடி வழியே செல்லும் கயிறு தெற்கு வடக்காகக் கிடக்கும். இஃது அயலிலிருந்து வந்த புதுமையன்று. அரண்மனைக்கு மனைவகுக்கும் நூலறிந்தோர், கோல் நட்டு நிழல் பார்த்து, நண்பகற் பொழுதில் கயிறிட்டுத் திசை கொண்ட முறையை நெடுநல்வாடை பாடுகின்றது. அப்பாட்டைப் பாடமாக வைக்கும் ஆசிரியர், அப்பகுதியை வகுப்பறைக்குள் உரை சொல்லி முடிக்காமல், ஒரு நாள் முற்றத்திற்கு வந்தால் போதும். தமிழும் நிலநூலும் ஒரே வகுப்பாகிவிடும்.

திசை கிடைத்தபின் அளவை. மாணவன் வகுப்பறையைத் தன் காலடியால் அளக்கட்டும். பின்பு நாடாவால் அளந்து, தன் அடி எத்துணை நீளம் என்று அறியட்டும். அறை 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உடையதெனின், 2 மீட்டருக்கு 1 செ.மீ. என்று கொண்டு, தாளில் 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமுமாக வரையட்டும். அளவை 1:200 என்பதன் பொருள் அக்கையிலேயே விளங்கும். அடுத்த கிழமை பள்ளி முழுதும், அதற்கடுத்துத் தெரு, பின்னர் ஏரி, களம், கோயில், இடுகாடு, சாலை அடங்கிய ஊர். கிணற்றுக்கு என்ன குறி, பனைக்கு என்ன குறி என்று மாணவரே கூடி முடிவு செய்யட்டும். தாமே குறி வகுத்தவர்க்குப் பிறர் வகுத்த குறியைப் படித்தல் எளிது.

மேடு பள்ளத்தைத் தாளில் காட்டும் ஒப்புயரக் கோடுகளே மாணவர்க்குக் கடினமாவன என்பர். கரும்பலகையில் வளைவு வளைவாகக் கோடிட்டால் கடினமாகத்தான் இருக்கும். ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்க. ஏரி நிறைந்து நிற்கையில் நீரின் விளிம்பு எவ்வாறு வளைந்து வளைந்து செல்கின்றது என்று காட்டுக. அவ்விளிம்பு முழுதும் ஒரே உயரத்தில் உள்ளது. அதுவே ஓர் ஒப்புயரக் கோடு. நீர் வற்ற வற்ற, விளிம்பு தான் விட்டு இறங்கிய தடங்களை வரிவரியாக மண்ணில் வைத்துச் செல்லும். தரை மெல்லச் சாயுமிடத்தில் வரிகள் அகன்று கிடக்கும். செங்குத்தாகச் சாயுமிடத்தில் நெருங்கிக் கிடக்கும். கோடுகள் நெருங்கின் சரிவு மிகுதி, அகலின் சரிவு குறைவு என்னும் விதியை ஏரியே எழுதிக் காட்டுகின்றது. இதன்பின் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளை விரித்து, 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்ட கோடுகளைக் காட்டினால், மாணவன் அவற்றில் மலையையே காண்பான்.

இனி, சொல்லைப் பற்றி. இன்றும் நம் பாடநூல்களில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்றே எழுதுகின்றனர். எது கிழக்கு மேற்காகச் செல்வது, எது வடக்கு தெற்காகச் செல்வது என்று மாணவர் ஆண்டுதோறும் மயங்குகின்றனர். மயங்காமல் என் செய்வர்? அட்சம் என்பதும் தீர்க்கம் என்பதும் தமிழ்ப்பிள்ளைக்கு ஒன்றும் சொல்லா வெற்றொலிகள். அகலாங்கு, நெட்டாங்கு என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றில் அகலம் உள்ளது; மற்றொன்றில் நெடுமை உள்ளது. ஆங்கிலச் சொற்கள் இரண்டும் இலத்தீனத்தில் அகலம், நீளம் என்னும் பொருளுடையனவே. ஆங்கிலேயனுக்கும் வடமொழியாளனுக்கும் சொல்லே பாதி பாடம் நடத்துகின்றது. தமிழ்ப்பிள்ளை மட்டும் சொல்லையும் சுமந்து, பொருளையும் தனியே சுமக்க வேண்டுமோ? தனித்தமிழ் வேண்டும் என்பது வெறும் மொழிவெறி என்பார், நிலநூல் வகுப்பின் கடைசி இருக்கையில் ஒரு நாள் அமர்ந்து பார்க்கட்டும்.

இக்கோடுகளையும் வானத்தைக் கொண்டே கற்பிக்கலாம். ஞாயிறு நேர்தலைக்கு மேல் வந்து, நட்ட கோலின் நிழல் கோலடியிலேயே மறையும் நாள் நம் நாட்டில் ஆண்டுக்கு இருமுறை வரும். முதன்முறை, குமரியில் ஏப்பிரல் 10, 11 அளவிலும், மதுரையில் 16 அளவிலும், சென்னையில் 24 அளவிலும் அது நிகழ்கின்றது. தெற்கினின்று வடக்கே ஞாயிறு நடந்து செல்வதை நாள் குறித்துப் பார்க்கும் மாணவனுக்கு அகலாங்கு என்பது என்னவென்று எவரும் சொல்ல வேண்டா. நெட்டாங்கிற்கோ, சென்னைப் பள்ளி ஒன்றும் கோவைப் பள்ளி ஒன்றும் ஒரே நாளில் கோல் நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்துத் தம்முள் சொல்லிக்கொள்ளட்டும். கோவையில் அந்நேரம் ஏறத்தாழ 13 மணித்துளி பிந்தி வரும். ஒரு பாகைக்கு 4 மணித்துளி என்று வகுத்தால், இரு நகர்க்கும் இடையே மூன்றே கால் பாகை என்பது தானே கிடைக்கும். நம் கடிகாரம் இரண்டிடத்தும் ஒரே நேரம் காட்டுவது 82½ பாகை நெட்டாங்கிற்கென்று வகுத்த பொதுநேரத்தால் என்பதும் விளங்கும்.

மழையும் அவ்வாறே. இந்தியாவிற்கு மழைக்காலம் எது என்றால், சூன் முதல் செபுதம்பர் வரை என்று மாணவர் எழுதுவர். இந்தியாவின் பெரும்பகுதிக்கு அது மெய்யே. ஆயின் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அத்தோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகீழ்க் காற்றால் வருகின்றது. ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், வடக்கினின்று வரும் குளிர்காற்றை வாடை என்றும், கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் நம் முன்னோர் பெயரிட்டது இந்நிலத்து வானத்தைப் பார்த்து. தன் வீட்டுக் கூரை எந்தத் திங்களில் ஒழுகும் என்று அறிந்த பிள்ளை, தேர்வுத்தாளில் வேறு திங்களை எழுதி மதிப்பெண் பெறுகின்றான். கண்டதை நம்பாதே, அச்சிட்டதை நம்பு என்பதே அவன் கற்ற பாடம். இதனினும் பெரிய கேடு கல்வியில் உண்டோ?

அச்சிட்ட படமும் முழு உண்மை சொல்வதில்லை என்பதை மாணவன் அறிதல் வேண்டும். கடலோடிகளின் பயன்பாட்டிற்காக 1569-இல் மெர்க்கேட்டர் வகுத்த முறையில் வரைந்த உலகப்படத்தில், கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தோன்றும். மெய்யில் ஆப்பிரிக்கா அதனினும் ஏறத்தாழ 14 மடங்கு பெரிது. உருண்டையைத் தட்டையாக்கும்போது எதையேனும் விட்டுத்தான் ஆகவேண்டும். திசையைக் காத்தவர் பரப்பை விட்டார். யார், எதற்காக வரைந்தது என்று கேளாமல் எப்படத்தையும் ஏற்கலாகாது. இக்கேள்வியைக் கேட்கும் துணிவு, தானே ஒரு படம் வரைந்தவனுக்கே வரும். தான் எதை விட்டான், எதைப் பெரிதாக்கினான் என்பது அவனுக்குத் தெரியுமன்றோ?

"கைப்பேசியிலேயே படம் உள்ளதே, இனி எதற்கு இத்துணைப் பாடு?" என்பர் சிலர். கைப்பேசிப் படத்தை யாம் பழிக்கவில்லை. அறியா ஊரில் அது நல்ல துணை. ஆயின் அது சொல்வது, வலம் திரும்பு, இடம் திரும்பு என்பது. திரும்பும் நிலம் மேடா பள்ளமா, அங்கே முன்பு ஏரி இருந்ததா என்பதைச் சொல்லாது. வழிகேட்டுச் செல்பவனுக்கு வழி தெரியும், நிலம் தெரியாது. மேலும், ஆங்கில எழுத்தின் வழியாகச் சுற்றி வரும் நம் ஊர்ப்பெயர்கள், லகர ளகர ழகரம் கலங்கி நிற்கின்றன. அல்லிக்கேணி என்னும் பெயரில் ஒரு நீர்நிலை உள்ளது. டிரிப்ளிக்கேன் என்றதும் அந்நீர் வற்றிவிட்டது. தமிழ் ஒலிப்பிற்கேற்ப 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்று 2020 சூனில் வந்த அரசாணை, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆணை வரும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டா. தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி, குளம், மடை என்று முடியும் பெயர்களை மாணவர் தம் வட்டத்துப் படத்தில் தேடிக் குறிக்கட்டும். குறித்து முடித்தால் அஃது ஒரு நீர்ப்படமாக இருக்கும்.

அந்நீர்ப்படத்தை இன்றைய மனைப்பிரிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில்தான் இக்கல்வி எதற்கென்பது தெரியும். சென்னையில் மாம்பலத்தையொட்டிக் கிடந்த நெடிய ஏரியைத் தூர்த்தே 1920-களில் தியாகராயர் நகர் எழுந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பது, ஏரியைப் பார்க்கும் சாலை என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தெருப்பெயர். பார்க்க ஏரிதான் இல்லை. 2015 திசம்பரில் சென்னை மூழ்கியபோது, வெள்ளம் எங்கிருந்தோ வழிதவறி வந்ததாகப் பலர் எண்ணினர். வெள்ளம் வழி தவறவில்லை. பல இடங்களில் பழைய படத்திலிருந்த தன் வீட்டிற்கே அது திரும்பி வந்தது. பழைய படத்தைப் படிக்க அறியாத நாம்தாம் வழி தவறியவர்கள்.

சிற்றூரிலும் இதே நிலை. ஒவ்வொரு புலத்திற்கும் புலப்படம் உண்டு. எல்லைக்கல், பக்க அளவு, அண்டைப் புல எண், வாய்க்கால் யாவும் அதில் உள. முன்பு அதனைப் பெற அலுவலக வாயிலில் நாட்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. இன்று தமிழ்நாட்டரசின் இணையப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு என் செய்வது? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உழவர் வீட்டுப் பிள்ளையும், தன் தந்தையின் புலப்படத்தைப் படிக்கக் கூலிகொடுத்து இன்னொருவரைத் தேடுகின்றான். பத்தாண்டு நிலநூல் படித்தும் அவன் கையில் விழுந்த முதற் படத்தை அவனால் படிக்க இயலவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வில், நெட்டுருச் செய்த இடங்களில் புள்ளி வைத்து மதிப்பெண் பெற்றவன் அவன். அப்புள்ளிகள் அவன் வரப்பைக் காக்கவில்லை.

நிலம் அளக்கும் கலை வெள்ளையர் கலை என்று எவரும் ஒதுங்க வேண்டா. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பேரளவைக்கு வில்லியம் இலாம்டன் 1802 ஏப்பிரல் 10-இல் அடிக்கோடு இடத் தொடங்கியது நம் பரங்கிமலையருகில்தான். ஏழரைக் கல் தொலைவை அவர் ஓரடியும் பிசகாது சங்கிலி வைத்து அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிற் கோபுரத்தின்மேல், அரை டன் எடையுள்ள கோணமளக்கும் கருவியை ஏற்றுகையில் கயிறறுந்து அது மோதிப் பழுதுற, அவரே பல கிழமை உழைத்து அதனைச் செப்பனிட்டார். கருவியைச் சுமந்ததும், குன்றேறிக் கொடி பிடித்ததும், காட்டை வெட்டி வழி செய்ததும் இந்நாட்டவர். கோபுரம் நம்முடையது, தோள் நம்முடையது, படம் மட்டும் ஆள வந்தவர் கைக்குச் சென்றது. நிலத்தை அளந்து வைத்தவர் ஆண்டனர். சுமந்து சென்றவர் ஆளப்பட்டனர். நிலப்படம் படிப்பது வெறும் பள்ளிப்பாடம் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழாசிரியப் பெருமக்களே! நிலநூலாசிரியரோடு கைகோத்துக்கொள்ளுங்கள். வரும் கல்வியாண்டில் ஒவ்வொரு பள்ளியும், தன் ஊரின் படத்தைத் தன் மாணவர் கையால், தூய தமிழ்ப் பெயர்களோடு, அளவை பிழையாது வரைந்து ஆயத்தமாக வைக்கட்டும். ஏரியின் பழைய கரையை ஊர் முதியோரைக் கேட்டுக் குறிக்கட்டும். புலப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும். அப்படத்தின் படியொன்று ஊராட்சி மன்றத்திற்குச் செல்லட்டும். வகுப்புக்கு ஒரு கோலும், ஒரு கயிறும், ஒரு நாடாவும், சில தாள்களுமே இதற்கு வேண்டுவன. அரசிடம் பணங்கேட்டு எழுத வேண்டியதில்லை. எவருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோரே! உங்கள் பிள்ளை உலக நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிப்பதைக் கேட்டு மகிழுங்கள், வேண்டாவென்று சொல்லவில்லை. பின்னர், "நம் ஏரியின் நீர் எந்த மடை வழியே எந்த வயலுக்குப் போகிறது? வரைந்து காட்டு" என்று ஒரு தாளைக் கொடுங்கள். வரைந்தால், அப்பிள்ளை கையில் ஊர் இருக்கிறது. வரையாவிட்டால், ஊர் இன்னும் பிறர் கையில் இருக்கிறது என்று அறிக.